முன்வரிசைக்கு வந்த அம்மா

லண்டனில் ஆட்களைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவன் நான். இந்தத் தொழிலில் முன்பின் தெரியாதவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் எப்போது உருப்படுவாய் என்று கேட்பார்கள். நல்ல வேலையை விட்டுவிட்டுப் பிடித்ததைச் செய்யப் போன யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நான் விட்டது மருந்தாளர் வேலை. தெற்கு லண்டன் நோர்பரியில் இருக்கும் அம்மா அதை மன்னிக்கவே இல்லை. என் மேடை நிகழ்ச்சி எதையும் வந்து பார்த்ததும் இல்லை. ஒருமுறை வந்து சிரித்துவிட்டால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் பத்து நிமிடம்

ஸ்ட்ரெதமில் ஒரு பிறந்தநாள் விழா. சொந்தக்கார மாமா ஒருவர் மைக்கைத் தந்து, பத்து நிமிடம் பகிடி சொல்லிச் சிரிக்க வைக்கச் சொன்னார். நான் வாயைத் திறக்கவும் பின்பக்கம் சாப்பாட்டைத் திறக்கவும் சரியாக இருந்தது. மண்டபம் முழுவதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. நானும் விடாமல் முதுகுகளுக்கே சொல்லி முடித்தேன். மாமாவுக்கு ஒரே சந்தோசம்.

“தம்பி, நல்லாச் செய்தனீர். நீர் கதைச்சுக்கொண்டு நிண்டபடியால் சனம் இடிபடாமல் சாப்பாடு எடுத்தது.”

டூட்டிங் ரசிகை

பிறகு தொலைக்காட்சியில் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி நடத்தக் கிடைத்தது. டூட்டிங் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது ஒரு அக்கா என்னையே உற்றுப் பார்த்தார். தலையைக் கோதிக்கொண்டு செல்பிக்குத் தயாரானேன்.

“தம்பி, முந்தி எங்கட மருந்துக்கடையிலை நிண்டனீங்கள் எல்லே? டிவியிலை கண்டவுடனை இவருக்குச் சொன்னனான், பாவம், பொடியனை வேலையாலை நிப்பாட்டிப் போட்டாங்கள் எண்டு.”

ஐந்து மணி

கடைசியில் என் பெயரிலேயே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. முதல் பதிவுக்கு அம்மாவை அழைத்தேன். ஆச்சரியம், “ஓம்” என்றார். பதிவு ஏழு மணிக்கு. அரங்கக் கதவைப் பூட்டினால் ராஜாவே வந்தாலும் திறக்கமாட்டார்கள். நம் ஆட்களைத் தெரியும்தானே: அழைப்பிதழில் ஆறு என்று இருந்தால், அது வீட்டில் குளிக்கப் போகிற நேரம். அதனால் கெட்டிக்காரத்தனமாக, ஐந்து மணி என்று பொய் சொல்லிவைத்தேன்.

மகனின் நிகழ்ச்சிக்குப் பிந்தக்கூடாது என்று அம்மா ஐந்துக்கே வந்துவிட்டார். ஒத்திகைக்காக என் போனை அணைத்திருந்தேன். ஆறரைக்குக் கதவு திறக்கும்வரை பட்டுச்சேலையோடு மழையில் நின்றிருக்கிறார். மேடை ஏறப் போகும்போதுதான் ஊழியர் ஒருவர் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தயாரித்து வைத்திருந்த பகிடியை விட்டுவிட்டு, என் பொய்யை அப்படியே சபையில் ஒப்புக்கொண்டேன். அரங்கம் அதிரச் சிரித்தது. முன்வரிசையில் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் பயந்து பயந்து பக்கத்தில் போனேன். முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

“நீ மருந்துக்கடையை விட்டது நல்லதுதான். நேரத்தையே பிழையாச் சொல்லுற நீ, மருந்துக் குளிசை போடுற நேரத்தை என்னெண்டு சரியாச் சொல்லியிருப்பாய்?”

சொல்லிவிட்டு அம்மா தன் பகிடிக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான்தான் வரவழைத்தேன் என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன்.