அம்மாவின் காலில் விட்ட புழுக்கள்

அம்மாவின் காலில் புழு விடப்போகிறார்கள் என்று அப்பா சொன்னபோது நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குள் ஓர் ஈ நுழைந்துவிட்டால், அதைத் துரத்தும்வரை சோறு பரிமாறாதவர் அம்மா. அவருக்கா இந்தக் கதி என்று எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

அம்மா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்தார். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் இருந்ததால் கால் மரத்துப் போயிருந்தது. சப்பாத்து உரசிக் குதிகாலில் புண் வந்தது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது சதை கறுத்திருந்தது. மருந்துக்கும் அடங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரலாம் என்ற சீன மருத்துவர், அதற்கு முன் ஒரு வழி இருக்கிறது, புண்ணில் ஈப்புழுக்களை விட்டுப் பார்க்கலாம் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார்.

நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டார். செத்த உடம்பில்தான் புழு வரும், உயிரோடு இருப்பவர் காலில் யாராவது விடுவார்களா என்று அப்பாவிடம் சண்டை பிடித்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“கால் போனா திரும்ப வராதுலா. புழு வந்தா போயிரும். விடச் சொல்லுங்க,” என்றார் அம்மா.

மருத்துவமனையிலேயே சுத்தமாக வளர்த்த புழுக்கள் அவை. எள்ளைவிடச் சிறியவை. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி அவற்றைப் புண்ணில் விட்டு, மெல்லிய வலைத்துணியால் மூடிக் கட்டினார். மரத்துப்போன காலுக்குள்ளும் யாரோ ஊசிமுனையால் கோலம் போடுவதுபோல இருக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

கட்டைப் பிரித்த நாளில் நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். எள்ளெல்லாம் பருத்த அரிசியாகியிருந்தது. ஒவ்வொன்றின் மேல்முனையிலும் இரண்டு கரும்புள்ளிகள். அத்தனை கண்களும் என்னையே பார்ப்பதாகத் தோன்றவும் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“அது கண்ணு இல்ல பாப்பா, மூக்கு,” என்றார் மிஸ்ஸி. “தலைய உள்ள விட்டுச் சாப்பிடுது, வால்ல மூச்சு விடுது. மூச்சு வாங்குறதுக்காக அது சாப்பாட்ட நிறுத்தவே வேணாம்.”

அவற்றுக்குப் பல் கிடையாது என்றும் சொன்னார். எச்சிலைத் துப்பிச் செத்த சதையைக் கஞ்சியாகக் கரைத்து உறிஞ்சுமாம். உயிருள்ள சதையை விட்டுவிடுமாம். எது செத்தது, எது உயிருள்ளது என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அதுக்குத் தெரியாது. அதோட எச்சிலுக்குத் தெரியும்,” என்றார் மிஸ்ஸி.

நான் என் எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.

புழுக்களைக் கழுவி எடுத்ததும் கறுப்பு பெரும்பாலும் போயிருந்தது. வெட்டிய கொய்யாப்பழம்போல அடியில் சிவந்த சதை. எட்டியே நின்றிருந்த சித்தி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மீண்டும் ஒருமுறை விட்டார்கள். இரண்டாம் முறை கட்டைப் பிரித்தபோது, காலை எடுக்க வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டார்.

மிஸ்ஸி புழுக்களை ஒரு போத்தலில் போட்டு மூடினார். அதுங்களை என்ன செய்வீர்கள் என்று அம்மா கேட்டார். ஒருவர் புண்ணில் இருந்ததை இன்னொருவருக்கு விட முடியாது, ஈயாகப் பறக்கவும் விடக்கூடாது, மருந்து ஊற்றிக் கொன்றுவிடுவோம் என்றார் மிஸ்ஸி. போத்தலை மேசைமேல் வைத்துவிட்டுப் புதுத் துணி எடுக்கப் போனார்.

அம்மா எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, மேசைப் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினார். வெகுநேரம் இறக்கவில்லை. மிஸ்ஸிக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் நின்று கைகூப்பினேன். மிஸ்ஸி அந்த அறையிலேயே இல்லை என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.