பூண்டுச் சாறும் ஈரப் படங்கும்

நேற்று பக்கத்து வீட்டில் வெள்ளைப்பூண்டு நசுக்கினார்கள். ரசத்துக்காக இருக்கும். நானோ எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். ரச வாசனைக்குப் பயப்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்; இதோ ஒருத்தி.

விவசாயம் படித்துவிட்டு, இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கம், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கே, அந்த லயத்துக்கே, வேலைக்குத் திரும்பிய புதிது. கடைகளில் பயிருக்கு அடிக்கும் மருந்து கிடைக்காத வருஷம். லயத்துக்குப் பின்னாலிருந்த உருளைக்கிழங்குப் பாத்திகளில் இலை கறுத்து அழுகும் பூஞ்சை நோய் இறங்கியிருந்தது. நான் சும்மா இருப்பேனா? பூண்டும் மஞ்சளும் அரைத்து, சவர்க்காரத் தண்ணீரில் கரைத்து மருந்து செய்தேன். லயமே மணத்தது. "கெழங்கு மண்ணுக்குள்ளயே கறியாகிடும் போல" என்று ஆம்பிளைகள் கிண்டலடித்தார்கள். வருமுன் காக்கும் மருந்து அது. வந்தபின் அவ்வளவாகக் கேட்காது.

பக்கத்துக் காம்பரா வீட்டுப் பார்வதியக்காவின் பாத்தியில் மட்டும் ஒரு புள்ளிகூட விழவில்லை. "இந்தக் கெழங்கு வந்துட்டா கௌரிய கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப வேணாம் புள்ள" என்பார். கௌரி அவருடைய ஒரே மகள். மேலே படிக்க ஆசைப்பட்டவள்.

ஒரு ஞாயிறு, மழை விட்ட நேரத்தில் மருந்தடிக்க ஐந்து பெண்கள் வந்தார்கள். கொழுந்தெடுக்கப் போகும்போது சேலை நனையாமல் இடுப்பில் கட்டுகிற படங்கோடுதான் வந்தார்கள். ஆளுக்கொரு நிரை பிடித்து இறங்குவதும் மலையில் பழகியதுதான்.

"எங்கயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று பார்வதியக்கா கேட்டார்.

"சீக்காளிய மொதல்ல பாப்போம்க்கா" என்றேன், பெரிய டாக்டர் தோரணையில்.

அழுகிய பாத்திகளை முடித்துவிட்டு, அதே ஈரப் படங்குகள் இலையில் உரச உரச, பார்வதியக்காவின் பாத்திக்குள் இறங்கினோம்.

ஒரு வாரத்துக்குள் அதுவும் கறுத்தது. நாங்கள் நடந்த பக்கமாகவே கறுத்தது. நோயைச் சுமந்துபோனது படங்கு, சுமக்கச் சொன்னது நான் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது.

பார்வதியக்கா என்னைத் தேற்றினார். "ஒம் மருந்து நல்ல மருந்துதான் புள்ள. எங்க ராசிதான் சரியில்ல."

ராசிதான் என்பதுபோல நானும் தலையாட்டினேன். அடுத்த மாதம் கௌரி கொழும்பு பஸ் ஏறினாள். வெட்கமில்லாமல் நானும் வழியனுப்பப் போனேன்.

இப்போது அந்தப் பாத்திகளில் மானாப்புல்தான் நிற்கிறது. கௌரி திரும்பி வரவேயில்லை. பார்வதியக்கா போன வருஷம் இறந்துபோனார். கடைசிவரை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மருந்தைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தாராம்.