கற்பூரம் காட்டிய அஞ்சாளை

ஃபார்மலின் வாடை தெரியுமா... கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். எழுபதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த வாடையோடுதான் காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குள் நுழைந்தேன்.

பி.எஸ்சி. விலங்கியல், கடைசி வருஷம். ராமேஸ்வரம் பக்கம் பவளப்பாறையில் பிடித்த ஏதோ ஒன்றை லேபிள் இல்லாத ஜாடியில் போட்டு மேடம் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை அது என்ன இனம் என்று சொல்ல வேண்டும்.

ஜாடிக்குள் சுருண்டு, வாயைப் பிளந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் தறியில் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா திட்டுவாள் என்று பார்த்தால், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்! கல்யாணமாக வேண்டிய பெண் நாகத்தை அடைத்து வைத்தால் தோஷமாம். மூடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி ரூமில் வைத்துக் கற்பூரமும் காட்டினாள்.

ரெண்டு நாளாக அவளுக்குச் சோறே இறங்கவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புத்தகமும் கையுமாக ஜாடி முன்னால் உட்கார்ந்தேன். செதில் இல்லை. பக்கத்துடுப்பும் இல்லை... ஆனால் முதுகு நெடுக ஒரு துடுப்பு ஓடியது. செவுளுக்கு ஒரு சின்ன ஓட்டை. வெளிறிய உடம்பில் தேன்கூட்டு அறை மாதிரி கறுப்புத் திட்டுகள். தேன்கூட்டு அஞ்சாளை!

"அம்மா, பயப்படாத. இது பாம்பே இல்ல. அஞ்சாளைன்னு ஒரு மீனு."

நல்ல சேதி சொல்கிறோம் என்று நினைத்தேன் பாருங்கள்... எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை ஓடுகூட வாசல்படி தாண்டியதில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு நாளா மீனுக்கா கற்பூரம் காட்டிக்கினு இருந்தேன்?"

அப்பா தறியை விட்டு எழுந்தார். "படிச்சது போதும்மா. நாளைலேர்ந்து காலேஜுக்குப் போவாத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூணு வருஷப் படிப்பு, ஒரு மீனால் போயிற்று! அம்மா எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். வீட்டை மூலை விடாமல் கழுவித் தள்ளினாள்.

மறுநாள் காலையில் ஜாடி வாசலில் இருந்தது. பக்கத்தில் அம்மா, டிபன் பாக்ஸோடு. உள்ளே அப்பா முறைப்பது தெரிந்தது. அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"போய் அது பேரச் சொல்லிட்டு வா. கைய நல்லா கழுவிக்கினு துன்னு."

போன வாரம்... அதே வீடு. அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. சாமி ரூமை ஒட்டிய சுவரில் இப்போது பெரிய டிவி. தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திரையில் பவளப்பாறைப் பொந்திலிருந்து ஒரு தலை நீண்டது.

"ஏம்மா, இது நம்ம ஊட்டுக்கு வந்துச்சே... அஞ்சாளைதானே?"

நான் டிவியை விட்டு அவள் பக்கம் திரும்பினேன். ஒரு தடவை சொன்ன பெயர்!

அவளோ அதைப் பார்த்துக்கொண்டே, இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.