குளத்தங்கரைத் தரகர்

பங்குனி வெயில் வெளியே கொளுத்துகிறது. காலி வீட்டின் கூடத்துக்குள் நுழைந்ததும் தரகர் காத்தமுத்து குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீடு பார்க்க வந்த பொன்மலை ரயில்வே குமாஸ்தா திகைத்துப் போகிறார். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்பதால் காத்தமுத்து வாயைத் திறப்பதில்லை. குமாஸ்தா மெல்ல அண்ணாந்து ஓட்டுக் கூரையைப் பார்க்கிறார். புரிந்துவிடுகிறது. மழைக்காலத்தில் இந்தக் கூடம் ஒழுகும்.

"எந்த வீட்டையும் நான் வாயால குறை சொல்ல மாட்டேங்க. ஒரு குடும்பத்த வச்சுக் காப்பாத்தின சுவரு அது" என்பார் காத்தமுத்து. வீட்டுக்காரரிடமும் தரகு வாங்குகிறார், குடி வருகிறவரிடமும் வாங்குகிறார். இரண்டு பேருக்கும் துரோகம் செய்யாமலிருக்க அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தச் சைகைகள். அடுப்படியில் புகை சுற்றும் என்றால் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அடுத்த போர்ஷன்காரி சண்டைக்காரி என்றால், அந்தச் சுவரோரம் வந்ததும் குரலைத் தாழ்த்தி விடுவார். நல்ல வீடாக இருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலைப் பையைப் பிரித்து, "பாருங்க, நிதானமாப் பாருங்க" என்பார். திருச்சியில் விவரம் தெரிந்தவர்கள் வீட்டைப் பார்ப்பதில்லை. காத்தமுத்துவைத்தான் பார்ப்பார்கள்.

லால்குடிப் பக்கம் பிறந்தவர். மெலிந்த, உயரமான உடம்பு. நடக்கும்போது தோள் ஒரு பக்கம் சாயும். இடுப்பில் கனமான சாவிக்கொத்து தொங்குவதால் வந்த சாய்வு அது. ஊரிலுள்ள காலி வீடுகளின் சாவியெல்லாம் அதில் இருக்கின்றன. வரகனேரியில் அவரும் மனைவி அழகம்மாளும் குடியிருக்கிற போர்ஷனுக்கு மட்டும் பூட்டு கிடையாது. "திருடன் வந்தா அவனுக்கும் ஒரு வீடு பாத்துக் குடுக்கவேண்டியதுதான்" என்று சிரிப்பார்.

தெப்பக்குளத்துக் கைப்பிடிச் சுவர்தான் அவருடைய ஆபீஸ். பாய்லர் பாக்டரி வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து வெளியூர்க்காரர்கள் வீடு கேட்டு வந்த வண்ணமாக இருக்கிறார்கள். எதிரிலுள்ள காப்பி கிளப்பில் விசாரித்தால் சர்வர் கையை நீட்டிக் காட்டுவார். மழை பிடித்துக்கொண்டால் அப்துல் சுக்கூரின் டிரங்குப் பெட்டிக் கடையில் ஒதுங்குவார். வெயிலுக்கு ஒதுங்குவதில்லை, தேடி வருகிறவர் காணாமல் திரும்பிப் போய்விடுவாரே என்ற பயம். ஒரு கோடையில் அந்தச் சுவரிலிருந்தே மயங்கி விழுந்தார். சோடாவை முகத்தில் அடித்து எழுப்பியவர் அப்துல் சுக்கூர்தான்.

அன்றைக்கு அழகம்மாள் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் நிழல் பாத்துக் குடுக்கறீங்க. உங்களுக்குன்னு ஒரு நிழல் பாக்கத் தெரியலையே."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் அழுதது அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நிழல் நல்லதம்பியின் வடிவத்தில் வந்தது. பாத்திரக்கடை முதலாளி நல்லதம்பிக்குக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதை இடித்துவிட்டுக் கீழே வரிசையாகக் கடைகளும் மேலே இரண்டு மாடிக்குக் குடித்தனங்களும் கட்டப்போவதாக அவர் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளேயே குழாய், உள்ளேயே கக்கூஸ். மாடி வீடுகளுக்கு ஆள் பிடித்துத் தருவது காத்தமுத்துவின் பொறுப்பு. பதிலாக, மாடிப்படியை ஒட்டித் தெருவைப் பார்த்திருக்கும் சின்ன அறை அவருக்கு ஆபீசாக, ஆயுசுக்கும் வாடகையில்லாமல்.

அழகம்மாள் உடனே கடைவீதிக்குப் போய் ஒரு பானையும் மூடியும் வாங்கி வந்துவிட்டாள், ஆபீசுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் வைக்க.

தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நகரசபைக்கு ஆட்சேபணை மேல் ஆட்சேபணை போயிற்று. தெருவே உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரட்டும், அதற்கப்புறம் பிளானைப் பார்க்கலாம் என்று கவுன்சிலர் ஒரு சத்திரத்தில் கூட்டம் போட்டார். முதலில் எழுந்தவர் அப்துல் சுக்கூர்.

"இருக்கற கடையிலயே ஈ ஓட்டிக்கிட்டிருக்கோம். இன்னும் ஒரு வரிசைக் கடை வந்தா நாங்க எங்க போறது?"

காத்தமுத்து எழுந்தார். "மேல அத்தனை குடித்தனம் வருதே பாய், அவங்களுக்கெல்லாம் டிரங்குப் பெட்டி வேணாமா?"

"ஒரு பெட்டி வாங்கினா பேரன் காலம் வரைக்கும் வருது தரகரே. எம் பெட்டி அப்படி."

சத்திரமே சிரித்தது. அடுத்து ஒருவர், தம் வீட்டுச் சாமி படத்துக்கு நேர் மேலே அடுத்தவன் கக்கூஸ் வருவதற்கு எந்தக் குடும்பஸ்தன் சம்மதிப்பான் என்று கேட்டார். கக்கூஸ்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பின்பக்கம்தான் வருகின்றன என்று காத்தமுத்து பிளானை விரித்துக் காட்டினார். வடாம் எங்கே காயப்போடுவது, வாசல் கோலத்தை எந்த வீட்டுக்காரி போடுவது என்று பெண்கள் பக்கத்திலிருந்து கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. நல்லதம்பியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

கடைசியாக ரெங்கம்மாள் எழுந்தாள். கிடங்குக்கு அடுத்த வீட்டுக்காரி. தாலியறுத்து வெகுகாலம் ஆனவள். தெருவில் அவள் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு.

"மாடியில ஒருத்தர் செத்துட்டா எப்படி இறக்குவீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"மெட்ராஸ்ல என் தம்பி இந்த மாதிரி மாடி வீட்டுலதான் இருந்தான். படி அவ்வளவு குறுகல். பாடை திரும்பல. நாற்காலியில உக்கார வச்சுக் கட்டி இறக்கினாங்க. தலை ஒவ்வொரு படிக்கும் ஆடுச்சு. உசிரோட வேண்டாம் வேண்டாம்னு சொல்ற மாதிரி." அவள் குரல் உடையவில்லை. "அந்தப் பிளானுல படி எப்படி இருக்குன்னு தரகர் சொல்லட்டும். அவரு சொன்னா நான் ஒத்துக்கறேன்."

காத்தமுத்து பிளானைப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. படி குறுகல்தான். இரண்டு இடத்தில் மடங்கித் திரும்புகிறது. தெருவோரத்தில் அந்தச் சின்ன அறை வந்து உட்கார்ந்துகொண்டதால் படிக்கு இடம் போதவில்லை. அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"குடையை விரிக்கறது, கண்ணைத் துடைக்கறதெல்லாம் எங்கிட்ட வேணாம்" என்றாள் ரெங்கம்மாள். "வாயால சொல்லுங்க."

அவர் துண்டைத் தோளில் போட்டார். "படி சரியில்லீங்க" என்றார்.

நல்லதம்பி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு வீட்டைக் காத்தமுத்து வாயால் குறை சொல்லி அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை.

"அந்தச் சின்ன ரூமை எடுத்துட்டா, படியை நேரா, அகலமா ஏத்தலாம். நாலு பேரு தோள் கொடுத்து இறங்கலாம். பிள்ளத்தாச்சியும் பயமில்லாம ஏறி இறங்கலாம்."

நல்லதம்பி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "யோவ், அது உம்ம ரூமுய்யா" என்று முணுமுணுத்தார்.

"தெரியுதுங்க."

"அதுக்குப் பதிலா ஒரு கடையை நான் விட்டுத் தர முடியாது. அத்தனைக்கும் அட்வான்ஸ் வாங்கியாச்சு."

"நான் கேக்கலீங்களே."

"அப்ப எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றாள் ரெங்கம்மாள். உட்காரப் போனவள் மறுபடியும் நிமிர்ந்து, "ஆனா கக்கூஸ் குழாய் எஞ் சுவரு பக்கம் வரக்கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்டபின் மற்றவர்கள் எதிர்ப்பும் தளர்ந்தது. அப்துல் சுக்கூர் மட்டும் கடைசிவரை சம்மதமென்று கையைத் தூக்கவில்லை. வெளியே வரும்போது காத்தமுத்துவின் தோளைத் தட்டி, "மழை வந்தா நம்ம கடை இருக்கு. வெயிலுக்கும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் காத்தமுத்து இதைச் சொல்லவில்லை. சொல்லத்தான் தினமும் நினைப்பார். அழகம்மாள், ஆபீசுக்கு எந்தச் சாமி படம் மாட்டலாம் என்று கேட்பாள். அன்றைக்கும் சொல்லாமலே படுத்துவிடுவார்.

திருத்திய பிளான் பாஸாகி, கிடங்கை இடித்து, தை பிறந்ததும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பூஜைக்கு அழகம்மாளும் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தேங்காய் உடைத்துக் கூட்டம் கலைந்ததும் கணவரிடம் வந்து, "எதுங்க நம்ம ரூமு?" என்றாள்.

கொத்தனார் பழைய பிளானை வைத்தே கோடு போட்டிருந்தார். சின்ன அறை அதில் அப்படியே இருந்தது. காத்தமுத்து பேசாமல் விரலை நீட்டிக் காட்டினார். சுண்ணாம்பு கலையாதபடி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அந்தச் சதுரத்துக்குள் இறங்கினாள். நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"பரவால்லீங்க. ரெண்டு நாற்காலி தாராளமாப் போடலாம்."

அதற்குள் நல்லதம்பி அந்தப் பக்கம் வந்துவிட்டார். "என்னய்யா கோடு போட்டிருக்க? இங்க படிக்கட்டுல்ல வருது. அழி அழி" என்று கொத்தனாரை விரட்டினார். கொத்தனார் துடைப்பத்தை எடுத்தார்.

"இருப்பா" என்றார் காத்தமுத்து. அழகம்மாளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே, "அகலமாப் படி வேணும்னு நான்தான் சொன்னேன்" என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வெறுங்காலால் அந்தக் கோட்டைத் தேய்க்கத் தொடங்கினார்.

சதுரத்துக்குள் நின்றபடி அழகம்மாள் அவர் காலையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு கொசுவத்தை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எதிர்மூலைக்குப் போய், அந்தப் பக்கத்துக் கோட்டைத் தன் காலால் அழிக்க ஆரம்பித்தாள்.