இடைவெளி பார்த்து ஓடியவன்

ரக்பி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எலும்பு ஒடிகிற சத்தம். ஒரே ஒரு தரம்தான் கேட்டிருக்கிறேன், அதுவும் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவரின் தோள்பட்டையில். எனக்கு அது போதும். பயப்பட ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அதை வைத்துக்கொண்டே பல வருஷம் ஓட்டுகிற ஆள் நான்.

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கம் துரைமார் கிளப்பில் வேலை கிடைத்தது. ஆட்டம் முடிந்து வருகிறவர்களுக்கு வெந்நீர் போட வேண்டும், சேறு அப்பிய ஜெர்சிகளைத் துவைக்க வேண்டும், அடிபட்டவருக்குக் கட்டுத்துணி எடுத்துக் கொடுக்க வேண்டும். தம்பிக்கு பக்கத்துத் தேயிலை ஃபாக்டரியில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பிரா, ஒற்றை அறை. அதில் நானும் அவனும்தான்.

ஒரு வருஷம், கப்பலில் போகிற வழியில் வெளிநாட்டு டீம் ஒன்று மலைக்கு வந்து எங்கள் துரைமாரோடு விளையாடியது. விளையாட்டு என்று சொல்லக் கூடாது, எங்கள் துரைமார் அடி வாங்கினார்கள். வேலி மாதிரி வரிசையாக நின்று மறிக்க வேண்டியவர்களில் யாராவது ஒருவர் ஆத்திரப்பட்டு முன்னால் பாய்வார். அவர் விட்டுப்போன இடத்தில் வாசல் திறந்தது போல் ஆகிவிடும். வந்தவர்கள் அதில் புகுந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த வருஷம் அவர்கள் திரும்ப வருவதாகப் பேச்சு. எங்கள் கேப்டன் துரைக்குத் தூக்கம் போயிற்று. எல்லாரும் ஒரே வரிசையில் ஏற வேண்டும், பக்கத்து ஆளை விட்டு ஒரு அடிகூட முந்தக் கூடாது என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டே இருந்தார். வெந்நீர்க் கொட்டகையில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

மறித்துப் பழக எதிரே பந்தோடு ஓடி வர ஆள் வேண்டுமே. அதற்கு எங்களைத்தான் கூப்பிட்டார்கள். டிரைவர், பாரில் ஊற்றிக் கொடுப்பவர், ஃபாக்டரி ஆட்கள் எல்லாரும் வெறுங்காலோடு மைதானத்தில் இறங்கினார்கள்.

பந்தோடு ஓடுகிறவன் எதிராளியைக் கையால் தள்ளிவிட்டுப் போகலாம், ஆட்டத்தில் அதற்கு இடம் உண்டு. எங்கள் ஆட்கள் ஒருத்தரும் தள்ளவில்லை. கிளப் சமையல்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஓடுங்கடா, வேணாங்கல. ஆனா தொரை மேல மட்டும் கைய வச்சிராதீங்க. அவரு வுழுந்தா எந்திரிச்சிருவாரு, நாம வுழுந்தா எந்திரிக்க முடியாது." அதனால் துரை கிட்டே வந்ததும் எங்கள் ஆட்கள் தாங்களாகவே சாய்ந்து படுத்துக்கொண்டார்கள்.

தம்பி மட்டும் படுக்கவில்லை. துரையைத் தொடவும் இல்லை. இரண்டும் கூடாது என்றால் நடுவில் புகுந்து போகிற வழி ஒன்றுதான் மிச்சம். அதைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது வாரத்தில் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை.

"எப்புடிடா பூந்து வர்ற?" என்று கேட்டேன்.

"மூஞ்சியப் பாக்க மாட்டேண்ணே. தொரை மூஞ்சியப் பாத்தா காலு தன்னால நின்னுரும். முட்டியத்தான் பாப்பேன். எந்த முட்டி முந்திக்கிட்டு வருதோ, அதுக்குப் பின்னால எடம் இருக்கும்."

ஒரு நாள் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள ஐயா வந்து பயிற்சியைப் பார்த்தார். அரசாங்கத்தில் ஒரு பெரிய டிப்பார்ட்மெண்ட் டீமுக்குப் பொறுப்பானவர். தம்பியைக் கூப்பிட்டு சிங்களத்தில் பேசினார். வேலை தருகிறேன், டீமில் போடுகிறேன், நன்றாக ஓடினால் ஒரு நாள் இலங்கை டீமிலேயே அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எதிராக இறங்கலாம் என்றார்.

கேப்டன் துரை தன் பழைய பூட்ஸைக் கொடுத்தார். அது பெரிய அளவு. தம்பி முன்பக்கம் சாக்குத்துணியைத் திணித்துக்கொண்டு லயத்து வாசலில் நடந்து பழகினான். கொழுந்துக்குக் கிளம்பிய பெண்கள் விடுவார்களா? "தொரை வர்றாரு, வழி விடுங்கடி!"

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கையக் கால ஒடச்சிக்கிட்டா யாருடா பாப்பா? கொழும்புல மோட்டார் காரெல்லாம் கண்ணு மண்ணு தெரியாம வருமாமே."

"ஒனக்கு மழ பேஞ்சாலும் பயம், வெயிலடிச்சாலும் பயம்ணே," என்று சிரித்தான்.

நான் எல்லாவற்றுக்கும் பயந்தேன். ரயிலுக்கு, கடற்காற்றுக்கு, கெட்ட சகவாசத்துக்கு. ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஓட்டு போய்விட்டது என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் பேசிக்கொண்டார்கள். போனால் போகிறது, நமக்கெதற்கு ஓட்டு என்று இருந்துவிட்டேன்.

கொழும்புக்குப் போனவன் மறுநாளே பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கொட்டகைக்கு வந்தான். பூட்ஸ் கையில் இருந்தது.

"என்னடா?"

"அப்பா எங்க பொறந்தாருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதத்தான் சொன்னேன். திருச்சிப் பக்கம்னு."

"நீ இங்கதானேடா பொறந்த?"

"அது பத்தாதாம்ணே."

கேப்டன் துரை டெலிபோனில் வெகுநேரம் பேசிப் பார்த்தார். முகம் சிவந்து வெளியே வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் வேலை ஏவுகிற தமிழ். ஆறுதல் சொல்ல அதில் வார்த்தை இல்லை. "நீ போ, டீ குடி," என்றார். தம்பி போய் டீ குடித்தான்.

அடுத்த புதன்கிழமையும் பயிற்சிக்கு வந்தான். பந்து அவன் கைக்கு வந்தது. எதிரே ஒரு துரை முந்திவிட்டார். கொட்டகையில் நிற்கிற எனக்கே அந்த இடைவெளி தெரிந்தது, மாட்டுவண்டி போகலாம். தம்பி அந்தப் பக்கம் திரும்பவில்லை. இருக்கிறவர்களிலேயே பெரிய உடம்புக்காரத் துரை மேல் தோளைக் கொடுத்து நேராக மோதினான். இரண்டு பேரும் விழுந்தார்கள்.

சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். துரை எழுந்து சேற்றைத் துடைத்தார், சிரித்தார், தம்பி முதுகில் தட்டிக்கொடுத்தார். அவ்வளவுதான். அத்தனை நாள் நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

"எடம் பாத்து ஓடு!" என்று கேப்டன் கத்தினார்.

"சரிங்க தொரை."

அடுத்த பந்துக்கும் நேராகப் போய் மோதினான். அதற்கடுத்த பந்துக்கும் அப்படித்தான். வாரா வாரம் இதே கதை. அவன் மோத மோத துரைமாரின் வரிசை இறுகிக்கொண்டே வந்தது.

வெளிநாட்டு டீம் வந்தது. மேலே தேயிலைச் சரிவெல்லாம் சனம். எங்கள் துரைமார் தோற்றார்கள்தான், ஆனால் கொஞ்சத்தில் தோற்றார்கள். வரிசை உடையவே இல்லை. ஒரே ஒரு தடவை, கடைசியில், ஒரு துரை களைத்துப்போய்ப் பின்தங்க, சிவந்த தலைமுடிக்காரன் ஒருவன் புகுந்து ஓடினான். தண்ணீர் வாளியோடு என் பக்கத்தில் நின்ற தம்பியின் வலது கால் தன்னால் முன்னே போனது. பிறகு அதைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் துரை சேற்றோடு வந்து, எல்லார் முன்னாலும் தம்பிக்குக் கை கொடுத்தார். "நீ நல்ல வேலை," என்றார்.

"சரிங்க தொரை," என்றான் தம்பி.

அன்று சாயங்காலம் காம்பிராவில் அவன் சட்டையைக் கழற்றச் சொல்லி எண்ணெய் தேய்த்தேன். இரண்டு தோளும் கன்றிக் கறுத்திருந்தன.

"ஏன்டா இப்புடிப் போயி முட்டுன? அதான் எடம் இருந்துச்சே."

அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புடிச்சிட்டாங்கன்னா அங்கயே முடிஞ்சிரும்ணே. தாண்டிட்டாத்தான், முன்னால யாரும் இல்லாம, எங்க போறதுன்னே தெரியல."

நான் குனிந்து எண்ணெயைத் தேய்த்தேன். தோள்பட்டை எலும்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒடியவில்லை. மறுபடி ஒரு தரம் பார்த்தேன். ஒடியவில்லை.