மண்டபத்துக்காக வந்த அம்மை

ஈரச் சிமெண்டின் வாடையும் காயப்போட்ட நெத்திலியின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்குப் பெரியப்பா மகள் ஜெனிட்டாவின் மேல் பொறாமை பற்றிக்கொண்டு வரும். எங்கள் பங்குக் கோயிலின் பக்கச் சுவரை ஒட்டிச் சமூக மண்டபம் எழும்பிய காலம் அது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்க, கடலுக்குப் போகிற ஆண்களே குழி தோண்டித் தூண் நிறுத்தினார்கள்; ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகள் நாங்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றினோம். அந்த வருஷம் எனக்கும் ஜெனிட்டாவுக்கும் "புதுநன்மை", அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். விருந்து புது மண்டபத்தில்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். அதற்காகவே உள்ளங்கைத் தோல் உரிய உரிய இரண்டிரண்டு கல்லாக வாங்கினேன். ஜெனிட்டாவோ முக்காடு போட்டுக்கொண்டு நிழலில் நின்றாள்.

தளம் போடுவதற்குள் தடைக்காலம் முடிந்துவிட்டது. மறுநாளே ஆண்கள் அத்தனை பேரும் கடலில் இருந்தார்கள். மண்டபம் கம்பி நீட்டிய தூண்களோடு மொட்டையாக நின்றது. "இனி அடுத்த தடைக்குத்தாம்ளா மிச்ச வேல" என்று சொல்லிவிட்டு அப்பாவும் போய்விட்டார்.

புதுநன்மைக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஜெனிட்டாவுக்கு அம்மை போட்டது. ஊரே பாவம் என்றது. அவளுக்கு அடுத்த வருஷம் கொடுக்கலாம் என்று பங்குச் சாமியார் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது: அதற்குள் மண்டபம் முடிந்திருக்கும். கல் சுமந்தவளுக்குத் தெருப் பந்தல், நிழலில் நின்றவளுக்கு மண்டபமா? வயிறு எரிந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்த பெரியப்பா வீட்டுக்குள் யாரும் பார்க்காமல் நுழைந்து, அவள் பாயிலேயே படுத்து, அவள் குடித்து வைத்த மிச்ச இளநீரையும் குடித்தேன். "ஒட்டிக்கிடும், போளா" என்று விரட்டினாள். ஒட்டத்தானே வந்திருக்கிறேன்!

அம்மையும் வந்தது. நான் வெள்ளைக் கவுன் போட்டு, பூமுடி வைத்து, தெருப் பந்தலில் காற்று வாரியடித்த மண்ணோடு பிரியாணி தின்று, விருந்தெல்லாம் முடிந்த மறுநாள் காலையில் வந்தது. அதற்குள் ஜெனிட்டா எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்திருந்தாள். அம்மா வேப்பிலையால் தடவிவிட்டபடியே, "ஆச இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுத மேய்க்க" என்றாள்.

அடுத்த வருஷம் ஜெனிட்டா புது மின்விசிறிக்குக் கீழே, மண்டபத்து மேடையில் நின்று கேக் வெட்டினாள். நான் கைமாற்றிய கல் எந்தச் சுவரில் இருக்கிறதோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்; பிடிவாதமாகச் சாப்பிடவில்லை.

இப்போது அந்த மண்டபத்துக்கு மேல் ஏசி மாடி எழும்புகிறது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தடைக்காலம் பார்க்காமல் வேலை செய்கிறார்கள்; கல் கைமாற்றும் வரிசையெல்லாம் போயே போய்விட்டது. இந்த வருஷம் என் மகளுக்குப் புதுநன்மை. மாடி முடிய அடுத்த வருஷம் ஆகுமாம். அடுத்த வருஷம் யாருக்குப் புதுநன்மை என்கிறீர்கள்? ஜெனிட்டாவின் மகளுக்கு. போன வாரம் ஜெனிட்டா போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பழைய கதை தெரிந்த என் மகள் பக்கத்தில் வந்து, "ஏம்மா, எனக்கு அம்ம வராதா?" என்று ஆசையோடு கேட்டாள்.

எப்படி வரும்? அம்மைக்குத் தடுப்பூசி போட, கைப்பிள்ளையாக அவளைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடியவளே நான்தான்.