பத்து நிமிட நடை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் சித்தியின் லயத்து அறைக்குப் போனால், உடைந்த ஜன்னல் கண்ணாடி இருந்த இடத்தில் அவளுடைய முழங்கால் ஸ்கேன் பிலிம் ஒட்டியிருக்கும். காலை வெயில் பட்டால் கறுப்புக்குள் இரண்டு எலும்புகள் தெரியும். மழைக்கும் தாங்குகிறது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், மொனராகலையில் கரும்பு வெட்டுவதும் சலித்துத் திரும்பியிருந்த சமயம் அது. கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிச் சித்தியின் முழங்கால் வீங்கிக் கிடந்தது. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை காலியாக இருந்தது. கால் கெட்டுவிட்டதென்று காட்டினால் அதை அவளுக்குத் தருவதாகத் தோட்டத்துத் துரை சொன்னார். சாட்சிக்கு, மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையையும் எங்களோடு பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஸ்கேன் எடுத்த யாழ்ப்பாணத்து டாக்டர் நல்ல மனுஷன். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பின் தேய்மானம் சும்மா எடுத்தால் சரியாகத் தெரியாது, கையில் ஒரு மருந்தை ஏற்றினால் அது மூட்டுக்குள் போய், கெட்ட இடத்தில் கூடுதலாக ஊறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று விளக்கினார். ஊசி போட்ட பிறகு, "பத்து நிமிசம் நடவுங்கோ அம்மா. நடந்தால்தான் மருந்து முழங்காலுக்குள்ள இறங்கும். பிறகு இருந்து ஆறுங்கோ" என்றார்.

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியாது. தேநீர் குடிக்கப் போனவன் பஸ் நிலையம்வரை சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். சித்தி இன்னும் நடந்துகொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நொண்டாமல், விறுவிறுவென்று. பெஞ்சில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மலையில் அவர் போதும் என்று சொல்லாமல் யாரும் கையை நிறுத்துவதில்லை. இங்கேயும் அவர் சொல்லவில்லை. போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒன் சித்தி ரேஸ் குதிரைடா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

துரை அன்று மாலையே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார். குருத்தெலும்பு பாதிக்குமேல் போய்விட்டதென்று ரிப்போர்ட் வந்தபோது பிள்ளைக்காம்பராவில் வேறொருத்தி இருந்தாள். அந்த மழைக்காலத்தில் சித்தி கூடையோடு வழுக்கி வடிகானுக்குள் விழுந்தாள்.

இப்போது அறைக்குள் உட்கார்ந்தபடியே நகர்கிறாள். போன மாதம் வெலிமடைக்கு உருளைக்கிழங்கு மூட்டை தூக்கப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். "கணக்கப்புள்ளகிட்ட அந்த வீடியோ இன்னும் இருக்கான்னு கேளுடா. நான் நடக்குறத ஒருக்கா பாக்கணும்" என்றாள்.

போய்க் கேட்டேன். எப்போதோ அழித்துவிட்டாராம். திரும்பி வந்தபோது சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தபடியே ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. பிலிமில் மருந்து ஊறிய இடம் யார் பார்த்தாலும் தெரியும்படி பளிச்சென்று இருந்தது.